நெட்டச்சி

தேவாரத்தில் பொழுது விழுவதற்கு முன்பே சூரியன் போய்விடும். மேற்கே மலை மறித்துக்கொண்டு நிற்கிறது. சின்னமனூர்ப் பக்கம் வயலில் இன்னும் வெயில் காய்கிறபோதே எங்கள் தெருவில் நிழல் வந்து படுத்துவிடும். சனிக்கிழமைகளில் அந்த நிழலுக்குப் பின்னாலேயே தாத்தா இறங்கி வருவார்.

அம்மாவைப் பெற்ற தாத்தா. மலைக்கு மேலே, கேரள எல்லைக்குள், ஒரு ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் பார்த்தார். ஸ்டோர் என்றதும் சாமான் விற்கிற இடம் என்று நினைத்துவிடக் கூடாது. பறித்து வந்த பச்சைக் காயைச் சூட்டில் காயவைக்கிற கட்டடம் அது. அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றி வரும். கம்பிவலைத் தட்டுகளில் காய் பரப்பியிருக்கும். ஒரு பகல், ஒரு ராத்திரி, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். சூடு கூடினால் காய் வெடிக்கும், குறைந்தால் வெளுக்கும், எப்படிப் போனாலும் போடி ஏலத்தில் விலை விழுந்துவிடும். 5 கிலோ பச்சைக்காய் போட்டால் 1 கிலோ தேறும். மீதி நாலு கிலோவும் ஆவியாகிக் காற்றில் போய்விடுகிறது என்பார் தாத்தா. போகிற வழியில் கொஞ்சம் அவர் மேல் தங்கிவிடும் போல. வேட்டி, துண்டு, மீசை, எனக்குக் கொடுக்கிற கிழிந்த இரண்டு ரூபாய்த் தாள், எல்லாமே ஏலக்காய் மணக்கும்.

அது 1984. இந்திரா காந்தியைச் சுட்ட வருஷம் என்பதால் மறக்கவில்லை. அதற்கு இரண்டு மூன்று மாதம் முந்தி, ஆடியில், சாரல் பிடித்த ஒரு சனிக்கிழமை தாத்தா வந்தார். அம்மாச்சி அவர் மூட்டையை அவிழ்த்து அழுக்குத் துணியை எடுத்துப் போட்டுக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"கம்பளி ரெண்டையும் எங்க?"

தாத்தா வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அட்டை கடித்த இடங்களில் ரத்தம் உறைந்து கறுப்புப் புள்ளிகளாக இருந்தது.

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

தாத்தா துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க வழக்கத்தைவிட நேரமானது. துண்டை எடுத்தபோது அவர் கண் சுவர்ப் பக்கம் போனது. அங்கே என் விலங்குப் பட அட்டை தொங்கியது. போடியில் வாங்கியது. யானை, புலி, கரடி, கடைசி வரிசையில் கட்டத்துக்குள் அடங்காமல் தலையை மடக்கிக்கொண்டு ஓர் ஒட்டகச்சிவிங்கி.

"இந்தா, இதுக்கு" என்றார், விரலை நீட்டி.

அம்மாச்சி அட்டையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "நல்லா யோசிச்சுச் சொல்லு. அது ரெண்டு காலா, நாலு காலா?"

"நாலு."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு அழுக்கு மூட்டையோடு கொல்லைக்குப் போய்விட்டாள்.

எனக்கு ஏழு வயது. அந்தக் கேள்வி எதற்கென்று எனக்கு ஏன் தெரியப்போகிறது? எங்கள் தாத்தா ஒட்டகச்சிவிங்கி வளர்க்கிறார் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. அன்று ராத்திரி தூங்கவே இல்லை, அவரையும் தூங்கவிடவில்லை.

அது எப்படி வந்ததென்று கேட்டேன். மதிகெட்டான் சோலை வழியாக வந்ததாம். பூப்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிற காடு அது. 2003இல் தேசியப் பூங்கா ஆனது பிற்காலத்துக் கதை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு எப்போதும் அது, உள்ளே போனவன் மதிகெட்டு வழி தெரியாமல் சுற்றுகிற காடு. "மனுசன் மட்டுந்தான் மதி கெடுவானாடா? இது எங்குட்டோ அதோட தேசத்துல ஒரு காட்டுக்குள்ள நுழைஞ்சிருக்கு. வழி தப்பி நடந்து நடந்து, வெளிய வந்து பாத்தா எங்க ஸ்டோர்." நடுவில் கடல் இருக்கிற விஷயம் எங்கள் இருவருக்குமே அப்போது பொருட்டாகப் படவில்லை.

பெயர் நெட்டச்சி. ஸ்டோர் ஓட்டுக்கு மேல் கழுத்து நிற்கும். ஸ்டோர் ஓட்டு எவ்வளவு உயரம்? "நம்ம வீட்ட ரெண்டு அடுக்கு." முதல் மாதம் 20 அடி என்றார். தீபாவளிக்கு 25 ஆனது. தை பிறந்தபோது, நிழல் மரத்தின் கவட்டையில் தலையைச் சாய்த்துத் தூங்குகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

உயரத்தால் தோட்டத்துக்கு லாபமா நஷ்டமா என்று ஒரு வழக்கு எங்கள் வீட்டில் ரொம்ப நாள் நடந்தது. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேலே வளரும். ஆனால் காய் பிடிப்பது தூரிலிருந்து புறப்பட்டுத் தரையோடு படர்கிற சரத்தில். அதனால்தான் காயெடுக்கிற பெண்கள் நாள் முழுக்கக் குனிந்தே கிடப்பார்கள். அம்மாச்சியும் கல்யாணமான புதிதில் அந்த வேலைக்குப் போனவள்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொல்வாள்: "குனியத் தெரியாத மாட்ட வச்சு ஏலக்காட்டுல என்ன செய்வீரு?" தாத்தாவிடம் பதில் இருந்தது. மழைக்கு முன்னால் நிழல் மரங்களைக் கவாத்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் வெளிச்சம் போகாது, செடி பூக்காது. மரத்தில் ஏறிக் கிளை கழிக்கிற ஆளுக்குக் கூலி அதிகம், விழுந்தால் இடுப்பு போச்சு. நெட்டச்சி நின்ற இடத்தில் நின்றே கழித்துவிடும். எந்தக் கிளை என்று இவர் கீழேயிருந்து விசில் அடித்தால் போதும்.

பராமரிப்புதான் பெரும்பாடு. அட்டை ஏறாமல் இருக்க நாங்கள் காலில் புகையிலையும் சுண்ணாம்பும் பூசுவோம். நெட்டச்சிக்கு ஒவ்வொரு காலும் ஆள் உயரம். ஒரு காலுக்குப் பூசி நாலாவது காலுக்குப் போவதற்குள் முதல் கால் சாரலில் கழுவிப்போயிருக்கும். தண்ணீர் குடிக்க முன்னங்கால் இரண்டையும் அகட்டி வைத்தால்தான் வாய் தரைக்கு எட்டும்; அப்படி அகட்டும்போது ஓடைப் பாறையில் வழுக்காமல் இவர் குளம்புக்கு அண்டக்கல் வைக்க வேண்டும். சளி பிடித்தால் கேட்கவே வேண்டாம். சுக்கும் மிளகும் கருப்பட்டியும் போட்டு அண்டாவில் கசாயம் வைத்து, மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மூங்கில் குழாயில் ஊற்றி, ஏணியில் ஏறி வாயில் விடுவாராம். "மத்தியானம் விட்டேன். பொழுதடையத்தான் வயித்துக்கு எறங்குச்சு. கழுத்துல காத வச்சா கொடகொடன்னு போறது கேக்கும்." கம்பளி விவகாரமும் அதில்தான் வந்தது. மலைக் குளிர் அதற்குப் புதுசு. கழுத்துக்கு மட்டும் ஒன்பது கம்பளி, ஒன்றோடொன்று தைத்துச் சுற்றியது. ஏழு தோட்டத்துக் கம்பளி.

ராத்திரியில் தூங்கவே தூங்காது, அதனால் ஸ்டோர் காவலுக்கு அதுதான். காய்த் திருடனோ யானையோ வந்தால் கத்துமா என்றேன். கத்தாது, ஊமை. இருட்டில் தொண்டைக்குள்ளேயே முனகும், உற்றுக் கேட்டால்தான் தெரியும் என்றார். நாக்கு? "நாகப்பழம் தின்ன மாதிரி கருப்பா இருக்கும், ஒரு மொழம் நீளம்."

இப்படி ஒரு மிருகம் மலையில் குளிரில் கிடக்கும்போது நான் சும்மா இருக்க முடியுமா? என்ன தின்னும் என்று கேட்டேன். மலையிலுள்ள தழை ஒத்துக்கொள்ளவில்லை, கீழே நம் ஒடமரம்தான் அதற்குச் சோறு என்றார். ஒடமரம் என்பது உடை, குடைவேல் என்றும் சொல்வார்கள். மேலே குடை விரித்த மாதிரி தட்டையாகப் படர்ந்திருக்கும். ஆப்பிரிக்கப் புல்வெளிப் படங்களில் பின்னால் நிற்குமே ஒரு மரம், அதற்கு இது பங்காளி முறை. இலை பொடிப் பொடியாக இருக்கும். அதைக் காவல் காக்கிற முள் வெள்ளைவெளேரென்று, சில நேரம் என் நடுவிரல் நீளம், இரட்டை இரட்டையாக நீட்டிக்கொண்டு நிற்கும். ஆடு மேய்க்கிறவரிடம் தொரட்டியை இரவல் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கக் கண்மாய்க் கரையில் கொப்பு இழுத்துத் தழை உருவுவேன். முள் குத்தினால் உடனே ரத்தம் வராது. முதலில் ஒரு வெள்ளைப் புள்ளி. அப்புறம் அதன் நடுவில் கடுகு மாதிரி சிவப்பு. அப்புறம்தான் வலி. யூரியாச் சாக்கு பாதி நிறைந்ததும் சணலால் கட்டி வாசலில் வைத்துவிடுவேன். திங்கட்கிழமை விடிவதற்கு முன் தாத்தா தன் மூட்டையோடு அதையும் தலையில் வைத்துக்கொண்டு மலையேறுவார். ஒரு வாரம்கூட மறந்துவிட்டுப் போனதில்லை.

பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக் குட்டு வாங்கிய கதையை நீட்ட வேண்டியதில்லை. வாங்கினேன்.

பத்து வயதில், முழுப்பரீட்சை லீவில், முதல் தடவையாக அவரோடு மேலே போனேன். தி.மீனாட்சிபுரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டுக்கு ஏறுகிற பாதை. தலைச்சுமையும் கழுதைப் பொதியும் போய்வந்து பள்ளமான பாதை அது. அங்கே ரோடு கேட்டுக் கேட்டுத் தேவாரத்துக்காரர்களுக்குத் தலை நரைத்ததுதான் மிச்சம். இலவ மரங்களைத் தாண்டி ஏற்றம் தொடங்கியது. முதல் பெரிய வளைவில், சுமை இறக்குகிற பாறைக்குப் பின்னால், காய்ந்த தழைக் குவியல் ஒன்று கிடந்தது. பொடி இலை, வெள்ளை முள். அடியில் மக்கிய கறுப்பு, மேலே பழுப்பு, உச்சியில் போன வாரத்துப் பச்சை. பக்கத்தில் என் சணல் முடிச்சுகள்.

நான் நின்றுவிட்டேன். தாத்தாவும் நின்றார். மூச்சு வாங்கியதா, யோசித்தாரா, தெரியவில்லை.

"இந்தப் பாறை வரைக்கும் அது எறங்கி வரும்" என்றார். "இதுக்குக் கீழ வராது. பஸ்ஸு சத்தம்னா பயம்." குனிந்து குவியலின் ஓரத்திலிருந்து ஒரு புழுக்கையைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். "இந்தா, பாத்துக்க."

ஆட்டுப் புழுக்கை மாதிரிதான் இருந்தது, கொஞ்சம் பெரிசு. "இம்புட்டு ஒசரத்துக்கு இம்புட்டுக்காணு புழுக்கையா?"

"கழுத்து நீளம்ல. எறங்கி வர்றதுக்குள்ள தேஞ்சுரும்."

அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. புழுக்கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

தோட்டத்தில் நெட்டச்சி இல்லை. மதிகெட்டான் பக்கம் மேயப் போயிருந்தது. ஸ்டோரைப் பார்த்தேன். தாத்தா சொன்ன உயரத்தில் பாதிகூட இல்லை. அடுப்பு அணைந்திருந்தது, ஆனாலும் சுவரெல்லாம் மணம். லயத்தில் ஒரு கடைசி வீட்டில் எனக்குக் கட்டன்காப்பி கொடுத்தார்கள், ஏலக்காய்த் தொலி போட்டது. கொடுத்தவர் நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே வந்தார். என் முள் குத்திய விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் இன்னொரு டம்ளர் கொண்டுவந்தார். வெளியே வேலி நெடுகக் கம்பளிகள் காய்ந்தன. தோட்டத்துக் கம்பளி எல்லாம் ஒரே நிறம்.

இறங்கி வந்ததும் அம்மாச்சி கேட்டாள், "பாத்தியா?"

"இல்ல, மேயப் போயிருச்சாம்."

"வேற யாரப் பாத்த?"

காப்பியைப் பற்றிச் சொன்னேன். குனிந்து வந்ததையும் சொன்னேன். அம்மாச்சி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புடைக்கிற சத்தம் நிற்கவில்லை.

ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து மைசூருக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். அரண்மனை, பிருந்தாவனம், அப்புறம் 1892இல் தொடங்கிய அந்த மிருகக்காட்சி சாலை. மற்ற பையன்கள் புலிக்கூண்டுக்கு ஓடினார்கள். நான் மட்டும் ஒட்டகச்சிவிங்கிக் கட்டாந்தரைக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வயது பதினாலு. தாத்தா அளந்தது அத்தனையும் புளுகு என்று தெளிவாகத் தெரிந்திருந்த வயது. நேரில் பார்த்து அந்தக் கணக்கை முடித்துவிடலாம் என்றுதான் நின்றேன். அது கணக்கை முடிக்க விடவில்லை. தொங்கவிட்டிருந்த தழைக் கட்டை நோக்கி நாக்கை நீட்டியது. நாகப்பழக் கறுப்பு. ஒரு முழம் இருக்கும். கொப்பைச் சுற்றி வளைத்து, முள்ளைத் தொடாதவன் மாதிரி உருவியது. அப்புறம் தொட்டிக்கு வந்து முன்னங்காலை அகட்டியது. கீழே பணியாள் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தார். கூட்டியது புழுக்கை. கொஞ்சம் பெரிய ஆட்டுப் புழுக்கை.

தாத்தா மைசூர் போனதில்லை. மதுரையைத் தாண்டியதே இல்லை என்று அம்மாச்சி சொல்வாள். என் பட அட்டையில் நாக்கு கிடையாது. யார் சொல்லி அவருக்குத் தெரிந்ததோ.

பிறகு படிக்கப் படிக்க அவர் பக்கம் கணக்கு ஏறிக்கொண்டே போனது. 2015இல் ஐரோப்பாவில் மூன்று மிருகக்காட்சி சாலைகளில் ராத்திரி நேர ஒலிகளைப் பதிவு செய்து கேட்டவர்கள், ஊமை என்று நினைத்த இந்த மிருகம் இருட்டில் அடிக்குரலில் முனகுகிறது என்று எழுதினார்கள். தூக்கமும் அதற்கு மிகக் கொஞ்சம்தான். கடல் கடந்து வந்ததுகூட அப்படியொன்றும் நடக்காத காரியம் இல்லை. 1414இல் வங்காளத்து சுல்தான் சீனப் பேரரசருக்கு ஓர் ஒட்டகச்சிவிங்கியை அனுப்பிவைத்தார். ஆப்பிரிக்காவிலிருந்து அவருக்கு வந்ததை இவருக்குத் தள்ளிவிட்டார். சீனர்கள் அதைப் புராணத்து மங்கல மிருகம் என்று நினைத்துக் கொண்டாடிப் படம் வரைந்தார்கள். அதற்கும் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் சிவாலிக் குன்றுகளில் ஒட்டகச்சிவிங்கிகள் சொந்தமாகவே மேய்ந்திருக்கின்றன. அங்கே கிடைத்த எலும்புகளை 1840களிலேயே விவரித்து, சிவாலிக் பெயரையே அந்த இனத்துக்கு வைத்துவிட்டார்கள். ஆக, எங்கள் நாட்டு மிருகம்தான். வழி தப்பியது நாமாகக்கூட இருக்கலாம்.

மைசூரிலிருந்து வந்ததும் தாத்தாவிடம் போனேன். முழங்கால் போய், மலையை விட்டு இறங்கித் திண்ணையில் உட்கார்ந்திருந்த காலம். நாக்கு, புழுக்கை எல்லாம் சொன்னேன். ஆச்சரியப்படவே இல்லை. தெரிந்த வீட்டுக்குப் போய்வந்தவனை விசாரிக்கிற மாதிரி ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஒசரம் எம்புட்டு?"

"பதினெட்டு அடி வரைக்கும் வளரும்னு போர்டுல போட்டிருக்கு."

"அப்ப அது குட்டி" என்றார். மலைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

1999 சித்திரையில் தாத்தா இறந்தார்.

பதின்மூன்று வருஷம் கழித்து, லீவுக்குத் தேவாரம் போயிருந்தபோது, என் மகளுக்குத் திண்ணையில் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஆறு வயது. கசாயம் இறங்கிய இடத்தில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கம்பளிக்கு வந்தபோது, "ஏழு கம்பளிய ஒண்ணாத் தச்சு" என்றேன்.

"ஒம்போது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அம்மாச்சி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன். "ஏழு தோட்டத்துது. ரெண்டு நம்ம வீட்டுது. அதுல ஒண்ணு எங்கப்பா வாங்கிக் குடுத்தது."

மகள் எழுந்து கட்டிலுக்குப் போய்விட்டாள். என்னைப் பார்த்து அவளும் அம்மாச்சி என்றுதான் கூப்பிடுவாள். "அம்மாச்சி, நீ அதப் பாத்திருக்கியா?"

"ஒருக்கா."

"எப்ப?"

"தாத்தாவத் தூக்குன அன்னிக்கு எறங்கி வந்துச்சு. தெரு முக்குல, அடிகுழாப் பக்கத்துல நின்னுச்சு. கிட்ட வரல." அம்மாச்சி புரண்டு படுத்தாள். "நெட்டையாத்தான் இருந்துச்சு."

"கம்பளி போத்தியிருந்துச்சா?"

"சித்திர மாசந் தாயி. அந்த வெயில்ல யாரு கம்பளி போத்துவா?"